கொலையெல்லாம் கூத்து

உலகத்தில் பேர்போன தொடர் கொலைகள் எதுவுமே நடக்கவில்லை, எல்லாம் ஆள் வைத்து நடித்தவை என்ற செய்தியை எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த புண்ணியம் என்னைத்தான் சேரும். நான் அதை ஒரு நிமிடம்கூட நம்பியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பாத ஒன்றை ஊர் முழுக்க நம்பவைத்துவிட்டு, அப்புறம் பெற்ற தாயிடமே அதை மறுக்கப் போய்த் தோற்றவள் நான்.

எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருந்தது. ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில், பல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து, பெயர் எழுதி, ஒவ்வொருவராக உள்ளே அனுப்புகிற வேலை. வெள்ளவத்தையில் பெண்கள் தங்கும் ஒரு போடிங்கில் கட்டிலும் பேசியாகிவிட்டது. அம்மா முதலில் சரி என்று தலையாட்டினாள். அப்பா வழக்கம்போல "அம்மாகிட்ட கேட்டுக்க" என்றார். தேயிலை ஃபெக்டரியில் இயந்திரச் சத்தத்துக்குள்ளேயே வேலை பார்த்துப் பழகியவர். வீட்டிலும் யார் என்ன பேசினாலும் காதில் விழாத மாதிரி இருந்துகொள்வார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்து கெடுத்தது. நான் புதுப் போன் வாங்கியதும் பழையதை அம்மாவிடம் கொடுத்திருந்தேன். முதலில் கோலம் போடுவதையும் சமையலையும் பார்த்தாள். ஒருநாள் அந்தப் போன் தானாகவே ஒரு கொலைகாரனை எடுத்து நீட்டியது. முகம் காட்டாத ஒருவர், குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ருஷ்யாவிலும் அடுத்தடுத்துப் பெண்களைக் கொன்றவர்களின் கதையைச் சொல்லுவார். அம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்து, கூடையைச் சுவரில் சாய்த்து, முகம் கழுவி, தேத்தண்ணியும் கையுமாக உட்கார்ந்து ஒரு கொலைகாரனைப் பார்த்து முடிப்பாள். பிறகு எழுந்து ரொட்டி சுடுவாள். ஒரே மாதத்தில், வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் பங்குக்கு இருந்த சின்னக் காம்பராவுக்கு வந்துபோகாத கொலைகாரன் இல்லை என்றாகிவிட்டது.

அதன் பலனை நான் அனுபவித்தேன். "பாத்தியா, இவனுங்க ஒருத்தனும் வீட்டுல இருந்த புள்ளைங்கள தொடல" என்று ஒரு சாயங்காலம் அம்மா ஆரம்பித்தாள். "போடிங்ல தனியா இருந்ததுங்க, பஸ்ஸுக்கு நின்னதுங்க, வேலைக்கு போய்ட்டு திரும்பி வந்ததுங்க. தேடித் தேடி புடிச்சிருக்கானுங்க."

"அது அமெரிக்காம்மா."

"அமெரிக்காவுலயே அவன புடிக்க அத்தன வருசம் ஆயிருக்கு. கொழும்புல எப்ப புடிப்பாங்க?"

"அந்த லண்டன்காரன் பனிமூட்டத்துக்குள்ள ஒளிஞ்சு ஒளிஞ்சு கொன்னான்னு நீங்கதானே சொன்னீங்க? கொழும்புல பனியே கெடையாது. அப்புடி பாத்தா இங்கதான் பயம்."

"நம்ம பனிக்குள்ள வர்றவன் யாருன்னு இருமுறத வச்சே சொல்லிருவேன். நீ போக வேணாம். டவுன்ல ஏதாச்சும் பாத்துக்கலாம்."

அதோடு முடிந்தது. அம்மா ஒன்றை முடிவு செய்துவிட்டால் தோட்டத்துத் துரையே வந்தாலும் மாற்ற முடியாது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. மாதக் கடைசியில் வேலைக்குச் சேர வேண்டும். போகாவிட்டால் அந்த மேசையில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். நான் இந்த லயத்திலேயே இருந்து, ஹட்டன் கடை ஒன்றில் துணி மடித்து, பிறகு யாரையாவது கட்டிக்கொண்டு இன்னொரு லயத்துக்குப் போவேன். துணி மடிப்பதில் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. ஆனால் எனக்குக் கொழும்பு வேண்டியிருந்தது, பைத்தியம் பிடித்த மாதிரி வேண்டியிருந்தது.

அப்படி மனம் நொந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்த ஒருநாள்தான் என் கண்ணில் அந்த ஆள் பட்டார். சிவப்பு விளக்குப் போட்ட அறைக்குள் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியோடு, உலகத்துத் தொடர் கொலைகள் எல்லாமே பொய் என்று அடித்துச் சொன்னார். செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் வேறு பெயரில் வேறு நாட்டில் சுகமாக இருக்கிறார்களாம். இரத்தம் என்பது சாயத் தண்ணீராம். கொலைகாரனும் நடிகன், பிடித்த பொலிஸும் நடிகன், கோர்ட்டில் அழுத தாயும் நடிகையாம். பெண்களை வீட்டுக்குள் அடைத்துவைக்கப் பெரிய பெரிய ஆட்கள் சேர்ந்து செய்த ஏற்பாடு என்று முடித்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தக் கடைசி வரி மட்டும் சிரித்து முடித்த பிறகும் காதிலேயே நின்றது. பெண்களை வீட்டுக்குள் அடைத்துவைக்க.

நான் நல்ல பிள்ளைதான். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் பொய்யை நானாகச் சொல்லாமல், அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரரைக் கொண்டு சொல்லவைத்தேன். சனிக்கிழமை அம்மா தேத்தண்ணியோடு உட்கார்ந்ததும் போனை வாங்கி அந்த வீடியோவைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுப்பில் வேலை இருப்பது மாதிரி திரும்பிக்கொண்டேன். ஒரு வாரமாவது வாதாட வேண்டியிருக்கும் என்று பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் அவசியம் இருக்கவில்லை. அம்மா அதை மூன்று தடவை பார்த்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இது நம்ம காமன் கூத்து மாதிரில்ல இருக்கு?"

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றி, வேஷம் கட்டியவர்கள் தப்பு அடித்துக்கொண்டு லயம் லயமாக வருவார்கள். பௌர்ணமி அன்று விடியற்காலையில் காமன் எரிந்துபோவான். அவன் வேஷம் கட்டியவர் திடலில் சாய்ந்து கிடப்பார், பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். மூன்றாம் நாள் காமனை எழுப்பிவிடுவோம். எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டேதான் வருடாவருடம் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுவார்கள்.

அந்த அழுகைக்குத் தலைவி என் அம்மா. அவள் குரல் எடுத்தால் எதிர்மலை லயத்தில் படுத்திருக்கிறவர்கள் எழுந்து உட்காருவார்கள் என்று சொல்வார்கள். ஒரு வருடம் கீழ்ப் பாதையில் முதல் பஸ்ஸை நிறுத்திவிட்டு அதன் கண்டக்டர், ஒரு சிங்களவர், மேலே ஏறி வந்துவிட்டார். யார் செத்தது என்று சிங்களத்தில் கேட்டு, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சமயம் பார்த்துச் செத்த காமன் எழுந்து உட்கார்ந்து, கொசு கடித்த இடத்தைச் சொறிந்தார். கண்டக்டர் போட்ட ஓட்டத்தில் தொப்பி எங்கள் திடலிலேயே கிடந்தது.

காமன் வேஷம் கட்டுகிறவர் கொழுந்து ஏற்றும் டிராக்டரை ஓட்டுகிற மாமா. "அக்கா, நீங்க அழுவுறத கேட்டா எனக்கே நான் செத்துட்டேனோன்னு சந்தேகமா இருக்கு" என்று அம்மாவிடம் சொல்லுவார். ஒவ்வொரு வருடமும் எழுப்பியதும் முதல் வேலையாக எங்கள் வீட்டுக்கு வந்து ரொட்டி கேட்பார்.

இப்படிப்பட்ட ஊரில் கொலையெல்லாம் நடிப்பு என்று சொன்னால் நம்புவதற்கு என்ன கஷ்டம்? உலகத்தில் வேறு எந்தத் தாய்க்கும் அந்த வீடியோ பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். என் அம்மாவுக்கு அது அனுபவம்.

"கோர்ட்டுல அந்த அம்மா அழுததுதான் எனக்கு உறுத்துச்சு" என்றாள். "அது எப்புடி நடிப்பாகும்னு நெனச்சேன். அப்புறம் யோசிச்சு பாத்தா, நான் காமனுக்கு அழுவுறத பாத்தவன் யாராச்சும் நடிப்புன்னு சொல்லுவானா? அவளுக்கும் அங்க ஒரு பழக்கம் இருந்திருக்கும்."

நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா, சந்தோஷமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு அம்மா போனபோது செய்தியும் கூடவே போனது. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்துக்கொண்டு மலையில் ஏறுவார்கள். கை தன்பாட்டுக்குக் கொழுந்தை ஒடிக்கும், வாய் சும்மாதானே இருக்கிறது. ஒரு நிரையில் சொன்னது அடுத்த நிரைக்குத் தாவி, அது அதற்கடுத்த நிரைக்குத் தாவி, மலையின் இந்தக் கோடியில் சொன்ன கதை அந்தக் கோடிக்குப் போய்ச் சேரும்போது தடித்துக் கொழுத்திருக்கும். அம்மா முதல் நிரையில் கொலைகாரன் நடிகன் என்றாளாம். கடைசி நிரையில் அவன் கண்டியில் கடை வைத்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்களாம்.

அம்மாவுக்கு ஓர் எதிரியும் முளைத்தாள். மேல் லயத்து அத்தை. சொந்த அத்தை இல்லை, அம்மாவும் அவளும் மதினி மதினி என்று கூப்பிட்டுக்கொள்கிற கேலி முறைதான். அவளும் அதே கொலைகாரர்களைப் பார்த்தவள், அதுவும் அம்மாவுக்கு முன்னாலேயே பார்க்க ஆரம்பித்தவள். எந்த வருடம் யாரை எங்கே போட்டான் என்று விரல் விட்டுச் சொல்லுவாள். அத்தனையும் பொய் என்றால் அவள் படிப்பெல்லாம் என்ன ஆவது? கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். நான் மதியச் சோறு கொண்டுபோயிருந்ததால் முழுவதையும் பார்த்தேன்.

"ஏன் மதினி, அந்த பொணமெல்லாம் என்னா, வாழக்கட்டையா?" என்றாள் அத்தை.

"நம்ம காமன் எப்புடி கெடக்குறாரு? மூச்ச புடிச்சுக்கிட்டு கெடக்கலியா?"

"டாக்டர் அறுத்து பாத்துருக்காங்க."

"அறுத்தத நீ பாத்தியா? டாக்டர் வேசம் கட்ட ஒரு வெள்ள கோட்டு போதும்."

கங்காணிக்குக் கோபம் வந்தது. கொழுந்து குறைந்தால் அவரைத்தானே கேட்பார்கள். "பேச்ச கொறைங்க, கூடைய பாருங்க" என்று அதட்டினார். அதட்டிவிட்டு நகர்ந்தவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, அப்ப அந்த லண்டன்காரனும் பொய்யா?" என்று கேட்டார். அந்த வாரத்தில் மலை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கொலைக்கட்சி ஒரு பக்கம், கூத்துக்கட்சி ஒரு பக்கம். சிலர் காலையில் ஒரு கட்சியிலும் மத்தியானச் சோற்றுக்கு மற்றக் கட்சியிலும் இருந்தார்கள்.

அம்மாவின் கட்சியில் ஓர் ஒழுங்கு இருந்ததையும் சொல்ல வேண்டும். எல்லாம் நடிப்பு என்றால் மேல்மலையில் குளவிக்கூடு இருக்கிறது என்பதும் நடிப்புத்தானே என்று ஒருத்தி கேட்டதற்கு, அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குளவிக்கு கூத்து தெரியாது" என்று சொல்லி அந்தப் பக்கம் போகவே விடவில்லை.

ஒருநாள் நான் சோறு கொண்டுபோயிருந்தபோது மடுவத்தில் வைத்து அத்தை கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "கொலகாரனே இல்லன்னா அப்புறம் எதுக்கு மதினி புள்ளைய கொழும்புக்கு விடாம வச்சிருக்க?"

அத்தனை பேரும் அம்மாவையே பார்த்தார்கள். தராசில் யாருடைய கூடையோ தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரு விடாம வச்சிருக்கா?" என்றாள் அம்மா. "மாசி கூத்து முடிஞ்சதும் போறா."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மடுவத்திலிருந்து லயம் வரைக்கும் ஓடினேன், ஓடும் வழியில் அப்பா எதிரே வந்தார், அவரிடம் சொன்னேன். "அம்மாகிட்ட கேட்டியா?" என்றார். அன்றைக்கே கிளினிக்குக்கும் போடிங்குக்கும் பேசி, கூத்து முடிந்ததும் வருவதாகச் சொன்னேன். கறுப்புக் கண்ணாடிக்காரரின் வீடியோவுக்குக் கீழே என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கு நன்றி என்று எழுதினேன். அவர் அதை என்னவென்று நினைத்தாரோ, ஓர் இதயம் போட்டார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான். எனக்குத் துணிமணி அடுக்க உதவிக்கொண்டே அம்மா புத்தி சொல்லத் தொடங்கினாள். மற்றத் தாய்மார் சொல்கிற புத்தி எனக்குத் தெரியும். இருட்டுவதற்கு முன் வந்துவிடு, தெரியாத ஆளோடு பேசாதே, கதவைப் பூட்டிக்கொள். என் அம்மா சொன்னது வேறு.

"யாராச்சும் வந்து பேசினா மூஞ்ச திருப்பிக்கிட்டு போகாத. நாலு பேரோட பழகணும். கதவு கிதவு பூட்டாட்டியும் பரவால்ல, காத்து வரும்."

"அம்மா, கதவ பூட்டத்தான் வேணும்."

"யாரு வருவா? நடிக்கிறவனுக்கு ஒன்னய தெரியுமா?"

சொல்வதோடு நிறுத்தவும் இல்லை. எங்கள் காம்பராவின் கதவையும் அவள் பூட்டுவதை விட்டுவிட்டாள். துணி மூட்டையோடு வந்த முன்பின் தெரியாத வியாபாரியை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, தனியாக அவரை விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். நல்ல மனுஷன், குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போயிருந்தார். ஆனாலும் வருகிற எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள். நான் கொழும்புக்குப் போவதற்காக அம்மாவின் பயத்தைக் கொஞ்சம் கழற்றப் பார்த்தேன். அது மொத்தமாகவே கழன்று வந்துவிட்டது. நான் போன பிறகு திறந்த கதவோடு இவள் இங்கே இருக்கப்போகிறாள் என்று நினைத்தபோது முதல் தடவையாக வெட்கமாக இருந்தது.

மாசி பிறந்து கூத்தும் வந்தது. அந்த வருடம் கூத்துப் பார்க்க வழக்கத்தைவிடக் கூட்டம். ராகலையிலிருந்துகூட அம்மாவின் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் அம்மாவின் அழுகையைக் காதால் கேட்டுத் தீர்ப்புச் சொல்லத் தயாராக இருந்தார்கள். பௌர்ணமி விடியற்காலையில் காமன் எரிந்தான். டிராக்டர் மாமா சரிந்து விழுந்து, கையைக் காலைப் பரப்பி, அழகாகச் செத்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். தப்பு அடங்கியது. அம்மா தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

குரல் வந்தது, ராகம் வந்தது, மார்பில் அடித்துக்கொள்வதும் வந்தது. அழுகை வரவில்லை. இரண்டாவது தடவை ஆரம்பித்தாள், அதுவும் பாதியில் நின்றது. கண் காய்ந்துபோய்க் கிடந்தது. மற்றப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்துக் கிடந்த மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அக்கா, அழுவுங்க, குளுருது" என்று மெல்லச் சொன்னார். எங்கோ ஒரு சிரிப்புக் கிளம்பி, எல்லாரும் சிரித்து, மாமாவும் வயிறு குலுங்கிச் சிரித்து, தோட்டத்தின் வரலாற்றிலேயே முதல் தடவையாகக் காமனைச் சிரிப்போடு அனுப்பிவைத்தோம். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் தலைமுடியை மெதுவாக அள்ளி முடிந்துகொண்டாள்.

"எல்லாத்தையும் கூத்து கூத்துன்னா கண்ணு எப்புடி நம்பும்?" என்றாள் மேல் லயத்து அத்தை. அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "தெரியல. வரல" என்றாள் ஒரு தடவை. அப்பா அன்றைக்கு என்ன நினைத்தாரோ, "அடுத்த வருசம் வரும்" என்றார். அவர் தானாக வாய் திறந்தது எங்கள் எல்லாருக்கும் ஆச்சரியம்.

அம்மாவின் அழுகையை நான்தான் வற்றவைத்தேன் என்று எனக்குத் தோன்றிவிட்டது. எத்தனை வருடம், எத்தனை சாவுவீடு. பிள்ளை செத்த வீட்டில் வாயடைத்துப்போன தாய்க்கும் சேர்த்து அழுதுகொடுத்தவள் அவள். அதை ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரரைக் காட்டி நான் பறித்துவிட்டேன். மறுநாள் காலையில் அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த ஆள் சொன்னது முழுப்பொய், எனக்கு அப்போதே தெரியும், செத்தவர்கள் நிஜமாகவே செத்தவர்கள், அழுத தாய்மார் நிஜமாகவே அழுதவர்கள், வேலைக்குப் போவதற்காகத்தான் அதைக் காட்டினேன், வேண்டுமானால் நான் போகவில்லை. கடைசி வார்த்தையைச் சொல்ல மனமே இல்லை, ஆனாலும் சொன்னேன்.

அம்மா பிசைவதை நிறுத்தினாள். மாவுக் கையோடு எழுந்து, பல நாளாகத் திறந்தே கிடந்த கதவைச் சாத்தினாள். என் பக்கத்தில் வந்து குனிந்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"யாரு ஒன்ன இப்புடி சொல்ல சொன்னது?"

"யாரும் சொல்ல சொல்லலம்மா."

"பயப்படாம சொல்லு. மேல் லயத்தாளா? இல்ல, கொழும்புல இருந்து யாராச்சும் பேசினாங்களா?"

"ஐயோ, நான்தாம்மா பொய் சொன்னேன்."

"ஒன்ன போகவிடாம ஆக்குறதுக்கு எப்புடியெல்லாம் செய்றானுங்க பாரு" என்றாள் அம்மா, என் தலையைத் தடவிக்கொண்டே. தலை முழுக்க மாவு. "நீ போயே ஆகணும். இப்ப கட்டாயம் போகணும்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். பொய்யைச் சொல்லி நம்பவைக்க ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. உண்மையைச் சொல்லி அசைக்கக்கூட முடியவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் சாதித்தேன். கதவைப் பூட்டுவதாக அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். கொலைகாரனுக்காக இல்லை, என்னைப் போகவிடாமல் செய்யப் பார்க்கிற ஆட்களுக்காகப் பூட்டுவதாக அவள் ஒத்துக்கொண்டாள். எதற்காகவோ, பூட்டினால் சரி என்று விட்டுவிட்டேன்.

புறப்படுகிற நாள் அம்மா பெரட்டுக்குப் போகவில்லை. ஹட்டன் வரைக்கும் கூட வந்தாள். காமனுக்கு அழுகை வராமல் போனதற்குப் பிறகு அவள் பேச்சும் கொஞ்சம் குறைந்திருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மலைகளைப் பார்த்துக்கொண்டு, "அந்த மலையில கொழுந்து முத்திருச்சு" என்பது மாதிரி ஏதாவது சொன்னாள். நான் மட்டும் நிற்காமல் பேசிக்கொண்டே வந்தேன். கடலைப் பற்றி, கிளினிக்கைப் பற்றி, எனக்கும் இலவசமாகப் பல் பார்ப்பார்களா என்பதைப் பற்றி. சந்தோஷத்தில் என் குரல் எனக்கே அடுத்தவர் குரல் மாதிரி கேட்டது.

பஸ் ஸ்டாண்டில் கொழும்பு பஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க நின்றது. கண்டக்டர் என் பையை வாங்கி உள்ளே தள்ளினார். அம்மா ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டசம்பலும் கட்டிய பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. என் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டாள். நான் காலை எடுத்துப் படியில் வைத்தேன்.

பின்னாலிருந்து அந்தக் குரல் கிளம்பியது.

எதிர்மலைக்குக் கேட்கும் குரல். திடலில் அன்றைக்கு வராமல் போன குரல். அம்மா பஸ் ஸ்டாண்டின் நடுவில் நின்று, முந்தானையை வாயில் வைத்து அடைக்கப் பார்த்து, முடியாமல், விட்டுவிட்டாள். "மேடேறி பழகின காலு மட்ட ரோட்டுக்கு போகுதே" என்று என்னை வைத்து ஒப்பாரி கட்டினாள். "போட்டு வச்ச ரொட்டி ஆறுமுன்ன பொண்ணு போகுதே" என்றாள். பழம் விற்கிறவர் தராசைக் கீழே வைத்தார். நுவரெலியா பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரிசையை விட்டுத் திரும்பினார்கள். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னம் வழியாக, கழுத்து வழியாக, ரவிக்கை வரைக்கும் ஓடியது. அத்தனை நாளும் சேர்ந்து கிடந்தது மொத்தமாக வந்தது.

எங்கள் கண்டக்டர் பதறிப்போய் இறங்கி வந்தார். அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, யார் செத்தது என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்.

அம்மா அழுகையை அப்படியே நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சி, முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்து, யாரும் சாகவில்லை என்று அவரிடம் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சும்மா கூத்துடி. நீ ஏறு."

நான் ஏறினேன். பஸ் நகர்ந்து, தலவாக்கலைக்குப் போகும் பாதை ஒரு பக்கம் பிரிந்து, ஸ்டாண்ட் கண்ணிலிருந்து மறையும்வரை அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கைகாட்டிக்கொண்டு நின்றாள். எல்லாமே நடிப்பு என்ற கதையை ஊருக்குக் கொண்டுவந்தவள் நான்தான். அன்றைக்கு வட்டவளை தாண்டும்வரைக்கும், மடியில் அந்த ரொட்டிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, அதை நம்ப எவ்வளவோ முயன்றுபார்த்தேன்.